சூப்பர்ஹீரோ காமிக்ஸ்: விற்பனை இருக்கிறது, வரைபவர் கையில் என்ன இருக்கிறது?

ஓவியக் கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவர் கேட்ட கேள்வி இது: "மார்வெல், டிசி படங்கள் உலகம் முழுவதும் ஓடுகின்றன. ஆனால் அவற்றுக்கு மூலமான காமிக்ஸ் துறை செத்துக்கொண்டிருக்கிறது என்றும், அதில் எழுதி வரைந்தவர்கள் கடைசிக் காலத்தில் மருத்துவச் செலவுக்குக்கூடப் பிறர் உதவியை நாடுகிறார்கள் என்றும் படிக்கிறேன். இரண்டும் உண்மையா? நான் அங்கே வேலை தேடலாமா?"

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். துறை செத்துக்கொண்டிருக்கவில்லை. படைப்பவர்களின் நிலை பற்றி நீங்கள் படித்தது பெரும்பாலும் உண்மை. இவை இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் விளக்க வேண்டியது. சிறுவயது முதல் இந்தக் கதைகளைப் படித்தும், பிற்பாடு அவற்றின் பின்னால் நடந்த வழக்குகளைத் தொடர்ந்து கவனித்தும் வருபவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். விற்பனை எண்ணிக்கையை வைத்து இந்தத் துறையை எடைபோட்டால் தவறான முடிவுக்கே வருவோம். எழுதுபவரும் வரைபவரும் கையெழுத்திடும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தால்தான் அதன் உண்மையான நிலை பிடிபடும்.

அந்தத் தாள்களில் மிகப் புகழ்பெற்றது ஒரு காசோலை. 1938 மார்ச் 1 தேதியிட்டது. தொகை 412 டாலர். கிளீவ்லாந்தைச் சேர்ந்த எழுத்தாளர் ஜெரி சீகல், ஓவியர் ஜோ ஷூஸ்டர் இருவருக்கும் டிடெக்டிவ் காமிக்ஸ் நிறுவனம், அதாவது இன்றைய டிசி, கொடுத்தது. அப்போது இருவருக்கும் வயது 23. தொகை எதற்கெல்லாம் என்று காசோலையிலேயே வரிவரியாகக் குறித்திருக்கிறார்கள். வேறு இதழ்களுக்குச் செய்து கொடுத்த கதைகளுக்கு 210, 36, 36 டாலர். சூப்பர்மேனுக்கு 130 டாலர். பதின்மூன்று பக்கக் கதை, பக்கத்துக்குப் பத்து டாலர், பாத்திரத்தின் உரிமை முழுவதும் அதற்குள்ளேயே அடக்கம். காசோலை எழுதியவர் இருவர் பெயரையும் பிழையாக எழுதிவிட்டதால், பின்புறத்தில் அவர்கள் பிழையான பெயரில் ஒருமுறையும் சரியான பெயரில் ஒருமுறையும் கையெழுத்திட வேண்டியதாயிற்று. அந்தத் தாள் 2012-இல் ஏலத்தில் 1,60,000 டாலருக்குப் போனது. அந்தக் கதை வெளியான ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் ஒரு பிரதி 2024-இல் 60 லட்சம் டாலருக்கு விற்றது.

இதை வெறும் ஏமாற்று வேலை என்று சொல்லி முடித்துவிடுவது சரியாகாது. நாளிதழ் நிறுவனங்கள் பலவற்றுக்கு அனுப்பி ஆண்டுக்கணக்காகத் திரும்பி வந்த கதை அது. ஒருவழியாக அச்சேறுகிறதே என்ற மகிழ்ச்சியில்தான் அந்த இளைஞர்கள் கையெழுத்திட்டார்கள். அடுத்த சில ஆண்டுகள் சூப்பர்மேன் கதைகளை எழுதி வரைந்து நல்ல வருமானமும் ஈட்டினார்கள். வாங்கியவருக்கும் விற்றவருக்கும் அந்தப் பொருளின் மதிப்பு தெரியாத நாளில் நடந்த வியாபாரம் அது. எனக்கு அநியாயமாகப் படுவது அதற்குப் பின் நடந்ததுதான். மதிப்பு தெரிந்த பிறகும், அது கோடிகளாகப் பெருகிய பிறகும், அந்த முதல் நாள் விலையே கடைசி விலை என்று நிறுவனம் சாதித்தது. 1947-இல் இருவரும் வழக்குத் தொடுத்தார்கள். மறு ஆண்டு ஏறத்தாழ 94,000 டாலர் வாங்கிக்கொண்டு சூப்பர்மேன், சூப்பர்பாய் இரண்டின் மீதும் இருந்த கோரிக்கையைக் கைவிட்டார்கள். அதில் பெரும்பகுதி வழக்கறிஞர் கட்டணத்துக்கே சென்றது. அதோடு இதழ்களிலிருந்து அவர்களுடைய பெயர்களும் நீக்கப்பட்டன.

சீகலின் பிற்கால வாழ்க்கையில் தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான ஓர் அத்தியாயம் இருக்கிறது. 1950களின் இறுதியில் அவர் அதே நிறுவனத்துக்குத் திரும்பிவந்து, தான் உருவாக்கிய பாத்திரத்துக்கே பெயர் இல்லாமல் பக்கக் கூலிக்குக் கதை எழுதினார். 1960களின் நடுவில், நிறுவனம் சூப்பர்மேனின் பதிப்புரிமையைப் புதுப்பிப்பதை எதிர்த்தபோது அந்த வேலையும் போயிற்று. அப்போது அவருக்கு வேலை கொடுத்தவற்றில் ஒன்று பிரிட்டனின் ‘லயன்’ என்ற சிறுவர் வார இதழ். அதில் 1965-இல் டெட் கோவன் எழுத, ரெக் பன் வரையத் தொடங்கியிருந்த ‘ஸ்பைடர்’ தொடரை 1966 முதல் சீகல் எழுதினார். முதுகில் பறக்கும் கருவியும் கையில் வலைத் துப்பாக்கியுமாக வரும், பெல்ஹாம், ஆர்டினி என்ற இருவரைக் கூட்டாளிகளாக வைத்திருக்கும், குற்றச் சக்கரவர்த்தியாகத் தொடங்கிப் பிற்பாடு குற்றவாளிகளுக்கு எதிரியாக மாறும் அதே ஸ்பைடர்தான். சிவகாசியிலிருந்து 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழ்நாட்டுச் சிறுவர்களின் கைக்கு வந்தவன் அவன். வாடகை நூலகத்தில் அந்தப் புத்தகங்களுக்காகக் காத்துக்கிடந்தவன் நான். ஸ்பைடரின் கூர்மையான காதுகளும் அடர்ந்த புருவமும் இன்றும் என் கண் முன்னால் நிற்கின்றன. ஆனால் அதை எழுதியவர் ஒருவர் இருப்பார் என்றோ, அவர் சூப்பர்மேனை உருவாக்கியவர் என்றோ, கூலி குறைந்த காலத்தில் கடல் கடந்து கதை அனுப்பிக்கொண்டிருந்தார் என்றோ அப்போது எனக்குத் தெரியாது. அன்றைய பிரிட்டன் வார இதழ்களில் கதாசிரியர், ஓவியர் பெயர்களை அச்சிடும் வழக்கமே இல்லை.

1975-இல் சூப்பர்மேன் படமாகப் போகிறது என்றும், உரிமை 30 லட்சம் டாலருக்கு விலைபோனது என்றும் அறிந்த சீகல், பத்திரிகைகளுக்கு நீண்ட கடிதம் ஒன்றை எழுதி அனுப்பினார். அப்போது அவர் லாஸ் ஏஞ்சலஸில் தட்டச்சு எழுத்தராகக் குறைந்த சம்பளத்தில் இருந்தார். ஷூஸ்டர் பார்வை ஏறத்தாழ முற்றிலும் மங்கிய நிலையில் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் சகோதரரோடு வாழ்ந்தார். ஓவியர்கள் நீல் ஆடம்ஸும் ஜெரி ராபின்சனும் அந்தக் கடிதத்தைக் கையிலெடுத்து, தொலைக்காட்சி, நாளிதழ், ஓவியர் சங்கங்கள் என்று எல்லாக் கதவுகளையும் தட்டினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில், டிசியின் உரிமையாளரான வார்னர் நிறுவனம் இறங்கிவந்தது. இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியமும், உருவாக்கியவர்கள் என்ற பெயர்க்குறிப்பும் கிடைத்தன. நீதிமன்றம் தராத அந்தப் பெயரையும் பணத்தையும், பெரிய படம் வெளிவரும் நேரத்தில் கெட்ட பெயர் வந்துவிடக்கூடாது என்ற கவலைதான் தந்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகளிலும் படைப்பவர்களுக்குக் கிடைத்தவற்றில் கணிசமானவை இதே வழியில்தான் வந்தன.

சட்டம் ஏன் தரவில்லை என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் கூலிக்குச் செய்த படைப்பு என்று ஒரு வகை உண்டு. அந்த வகையில் சேர்ந்துவிட்டால், நீங்கள் உருவாக்கி உரிமையை விற்றீர்கள் என்றுகூட ஆகாது. சட்டத்தின் பார்வையில் ஆசிரியரே நிறுவனம்தான். உங்களிடம் விற்பதற்கு எதுவும் இருந்ததே இல்லை. இந்த வேறுபாடு நுட்பமானதாகத் தோன்றலாம், ஆனால் கோடிக்கணக்கான டாலர் அதன் மேல்தான் நிற்கிறது. 1978-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், பழைய படைப்புகளின் உரிமையை விற்றவர்களோ அவர்களுடைய வாரிசுகளோ 56 ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பப் பெற வழி செய்தது. கூலிக்குச் செய்த படைப்புக்கு மட்டும் அந்த வழி கிடையாது. எனவே ஒவ்வொரு வழக்கும் ஒரே கேள்விக்குத்தான் வந்து நிற்கிறது: அறுபது ஆண்டுகளுக்கு முன் வீட்டு மேசையில் உட்கார்ந்து வரைந்த ஒருவர், அன்று ஊழியரா, சொந்தமாகத் தொழில் செய்தவரா? அன்றைக்கு ஒழுங்கான ஒப்பந்தமே இல்லை. காசோலையின் பின்புறத்தில் முத்திரையாகக் குத்திய நாலு வரிதான் ஒப்பந்தம். பணத்தை எடுக்க வேண்டுமானால் அந்த வரிகளுக்குக் கீழே கையெழுத்திட்டாக வேண்டும்.

ஜாக் கிர்பியின் கதை இதற்குத் தக்க சான்று. 1941-இல் ஜோ சைமனோடு சேர்ந்து கேப்டன் அமெரிக்காவையும், 1961 முதல் எழுத்தாளர் ஸ்டான் லீயோடு சேர்ந்து ஃபென்டாஸ்டிக் ஃபோர், ஹல்க், தோர், எக்ஸ்-மென் ஆகியோரையும் உருவாக்கியவர் அவர். மார்வெல்லில் அப்போது வேலை நடந்த முறையில், எழுத்தாளர் கதையின் சாரத்தை மட்டும் பேசிவிடுவார். பக்கம் பக்கமாகக் காட்சிகளை அமைத்துக் கதையை நடத்திக்கொண்டு போவது ஓவியரின் பொறுப்பு. வரைந்து முடித்த பின்பே வசனம் எழுதப்படும். ஆக, கிர்பி செய்தது ஓவியம் மட்டுமல்ல, பாதிக்கு மேல் கதையும்தான் என்பது என் கருத்து. 1980களில் மார்வெல் பழைய மூல ஓவியங்களை ஓவியர்களுக்குத் திருப்பித் தரத் தொடங்கியது. மற்றவர்களிடம் ஒரு பக்கத் தாளில் கையெழுத்து வாங்கிய நிறுவனம், கிர்பிக்கு மட்டும் நான்கு பக்கப் பத்திரத்தை நீட்டியது. எந்தப் பாத்திரத்தின் மீதும் ஒருபோதும் உரிமை கோரமாட்டேன் என்பதே அதன் சாரம். அவர் மறுத்தார். சக படைப்பாளிகளும் வாசகர்களும் குரல் எழுப்பிய பின், 1987-இல் எளிமையான தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஏறத்தாழ 2,000 பக்கங்களைக் கொடுத்தார்கள். அவர் மார்வெல்லுக்கு வரைந்தவை பத்தாயிரத்துக்கும் மேல். மீதியில் பல அதற்குள் எங்கெங்கோ போய்ச் சேர்ந்துவிட்டன.

கிர்பி 1994-இல் மறைந்தார். அவருடைய பிள்ளைகள் 2009-இல் உரிமையைத் திரும்பக் கேட்டு, 2011-இலும் 2013-இலும் நீதிமன்றங்களில் தோற்றார்கள். உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யவிருந்த நாளுக்குச் சில நாட்கள் முன்னால், 2014 செப்டம்பரில், டிஸ்னியின் கையில் இருந்த மார்வெல் சமரசம் செய்துகொண்டது. ஸ்பைடர்மேனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் டிட்கோ உள்ளிட்டோர் தரப்பில் 2021-இல் எழுந்த கோரிக்கைகளும் 2023 முடிவதற்குள் சமரசத்திலேயே முடிந்தன. நிறுவனங்கள் தீர்ப்பு வரை போக விரும்புவதில்லை. ஒரு வழக்கில் தோற்றாலும் அது எல்லாப் பாத்திரங்களுக்கும் முன்னுதாரணமாகிவிடும் அல்லவா! பேட்மேனின் கதையை உருவாக்கியதில் பெரும்பங்கு வகித்த பில் ஃபிங்கர் 1974-இல் மறைந்தார். அதுவரை பேட்மேனை உருவாக்கியவராகத் தனியே குறிக்கப்பட்டு வந்த ஓவியர் பாப் கேனின் பெயரோடு சேர்ந்து ஃபிங்கரின் பெயரும் அதிகாரபூர்வமாக இடம்பெற 2015 வரை ஆனது.

இனி இன்றைய துறைக்கு வருவோம். ஒரு மாத இதழ் இன்று நான்கு அல்லது ஐந்து டாலர். உள்ளே கதை பெரும்பாலும் 20 பக்கம். 1938-இல் பத்து சென்ட்டுக்கு 64 பக்கம் கொடுத்தார்கள். அந்த 20 பக்கத்தை எழுத்தாளர், பென்சிலில் வரையும் ஓவியர், மையிடுபவர், வண்ணம் தீட்டுபவர், வசன பலூன்களை எழுதுபவர் என்று நான்கைந்து பேர் சேர்ந்து செய்கிறார்கள். பெரும்பாலும் ஒருவரும் நிறுவன ஊழியர் அல்லர். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. நல்ல ஓவியர் ஒருவரால் ஒரு நாளில் ஒரு பக்கம்தான் முடிக்க முடியும். பதினொன்றுக்குப் பதினேழு அங்குல அட்டையில் ஐந்தாறு சட்டங்கள், அவற்றுக்குள் கூட்டம், கட்டடம், மழை, சண்டை. மாதத்துக்கு 20 பக்கம் என்றால் வார விடுமுறைகளைக் கழித்தால் நாள் மிச்சம் இருக்காது. கை வலித்தால் கூலி இல்லை, காய்ச்சல் வந்தால் கூலி இல்லை, நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடும் இல்லை. மூல அட்டையை ரசிகர்களுக்கு விற்பதுதான் பலருக்கு இரண்டாவது வருமானம். இப்போது கணினித் திரையில் நேரடியாக வரையும் வழக்கம் பரவியபின் விற்பதற்கு அட்டையே இல்லாமல் போகிறது. வேகம் கூடியது நிறுவனத்துக்கு லாபம்; ஓவியருக்கு ஒரு வருமானம் குறைந்தது.

விற்பனை எண்ணிக்கையை நம்ப வேண்டாம் என்று சொன்னதன் காரணம் விற்கும் முறையிலேயே இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் ஃபில் சூலிங் என்பவர் பதிப்பாளர்களோடு ஓர் ஏற்பாடு செய்தார். விலையில் கூடுதல் கழிவு கொடுங்கள், விற்காத பிரதிகளைத் திருப்பித் தரமாட்டேன் என்பது அது. தனிக் காமிக்ஸ் கடைகள் அதன் மேல்தான் வளர்ந்தன. கடைக்காரர் மாதங்களுக்கு முன்பே எண்ணிச் சொல்லி வாங்குகிறார். விற்காவிட்டால் நட்டம் அவருடையது. பதிப்பாளர் விற்பனை என்று சொல்வது கடைக்காரர் வாங்கிய எண்ணிக்கையைத்தான், வாசகர் வாங்கியதை அல்ல. இதோடு, ஒரே இதழை வேறு வேறு மேலட்டைகளோடு வெளியிடும் மாற்று அட்டை என்ற உத்தி சேர்கிறது. சாதாரணப் பிரதி 25 வாங்கினால் அரிய அட்டை போட்ட பிரதி ஒன்று கிடைக்கும் என்றால், அந்த ஒன்றுக்காகவே 25 வாங்கப்படும்; மிச்சம் கடையின் பின்னறையில் பெட்டிகளில் கிடக்கும்.

இந்த முறை ஒருமுறை துறையையே கவிழ்த்தது. 1991-இல் வந்த ‘எக்ஸ்-மென்’ முதல் இதழ் ஐந்து வகை அட்டைகளோடு ஏறத்தாழ 80 லட்சம் பிரதிகள் போயிற்று. 80 லட்சம் வாசகர்கள் இருந்தார்கள் என்று அதற்குப் பொருளல்ல. நாளை விலை ஏறும் என்று நம்பிப் பலர் கட்டுக்கட்டாக வாங்கி உறையிலிட்டு வைத்தார்கள். எல்லோரிடமும் இருக்கும் பொருளுக்கு எப்படி விலை ஏறும்? 1993-க்குப் பின் கடைகள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டன. மார்வெல் தனக்கென்று ஒரு விநியோக நிறுவனத்தை வாங்கி நிலைமையை இன்னும் சிக்கலாக்கி, 1996 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது. அந்தக் குழப்பத்தின் முடிவில் டயமண்ட் என்ற ஒரே விநியோகஸ்தர் கையில் துறை முழுவதும் வந்து சேர்ந்தது. 2020-இல் டிசியும், 2021-இல் மார்வெல்லும் டயமண்டை விட்டு விலகின. 2025 ஜனவரியில் டயமண்டே திவால் பாதுகாப்பு கோரியது. அதில் பெரிய நிறுவனங்கள் பெரிதாக அடிபடவில்லை. அடிபட்டவை சிறு பதிப்பகங்கள். விற்றபின் பணம் தரலாம் என்ற ஏற்பாட்டில் அவை டயமண்டின் மிசிசிப்பிக் கிடங்கில் வைத்திருந்த சொந்தப் புத்தகங்களையே விற்றுக் கடனை அடைக்க நீதிமன்றத்தின் அனுமதி கோரப்பட்டது. தன் செலவில் அச்சடித்த புத்தகத்தை அடுத்தவர் கடனுக்காக இழக்கும் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் புத்தகங்கள் விற்கின்றன. 2024 அக்டோபரில் ஸ்காட் ஸ்னைடர் எழுதி நிக் டிராகோட்டா வரைந்து வெளிவந்த ‘ஆப்சலூட் பேட்மேன்’ மீண்டும் மீண்டும் அச்சிடப்பட்டது. 2025 செப்டம்பரில் புதிதாகத் தொடங்கிய பேட்மேன் முதல் இதழ் ஐந்து லட்சம் பிரதிகளைத் தாண்டியதாக டிசி அறிவித்தது. ஆனால் வட அமெரிக்காவில் காமிக்ஸ் வாசிப்பின் பெரும் வளர்ச்சி சூப்பர்ஹீரோக்களால் வந்ததல்ல. புத்தகக் கடைகளிலும் பள்ளிகளிலும் விற்கும் குழந்தைகள் சித்திரக்கதைகளும் ஜப்பானிய மங்காவும்தான் அதைச் சுமக்கின்றன. டேவ் பில்கியின் ‘டாக் மேன்’ வரிசையோடு ஒப்பிட்டால் மாதாந்தரச் சூப்பர்ஹீரோ இதழ் சிறிய வட்டத்துக்கான பொருள். பெரு நிறுவனங்களுக்கு அந்த இதழின் லாபம் முக்கியமும் அல்ல. 2009-இல் டிஸ்னி ஏறத்தாழ 400 கோடி டாலர் கொடுத்து மார்வெல்லை வாங்கியது மாத இதழ் விற்பதற்காக அல்ல, பாத்திரங்களுக்காக. இதழ் என்பது அவர்களுக்குப் பாத்திரங்கள் விளையும் நாற்றங்கால்.

அந்த நாற்றங்காலில் வேலை செய்பவருக்கு அறுவடையில் என்ன பங்கு? இதில் டிசிக்கும் மார்வெல்லுக்கும் நீண்ட காலமாக வேறுபாடு உண்டு. டிசி 1981-இல் ஒரு லட்சத்துக்கு மேல் விற்கும் பிரதிகளுக்கு ராயல்டி அறிவித்தது. புதுப் பாத்திரங்கள் படம், பொம்மை என்று போனால் அதில் ஒரு பங்கு தரும் ஒப்பந்தமும் வைத்திருந்தது. அதன் விளைவு வியப்பானது. தானோஸை உருவாக்கிய ஜிம் ஸ்டார்லின், தானோஸ், கமோரா, டிராக்ஸ் மூவரும் மார்வெல் படங்களில் வந்ததற்குக் கிடைத்த மொத்தத் தொகையைவிட, டிசி படம் ஒன்றில் கேஜிபீஸ்ட் என்ற சிறு பாத்திரம் தலைகாட்டியதற்குக் கிடைத்த தொகை அதிகம் என்று 2017-இல் வெளிப்படையாகச் சொன்னார். அதன் பிறகே மார்வெல் அவரோடு மறுபேச்சு நடத்தியது. வுல்வரினை உருவாக்கியவர்களில் ஒருவரான லென் வீனும், பேட்மேன் படங்களில் வரும் லூசியஸ் ஃபாக்ஸ் என்ற துணைப் பாத்திரம்தான் தனக்குப் பணம் தந்தது என்று கூறியிருக்கிறார். விண்டர் சோல்ஜரை உருவாக்கிய எழுத்தாளர் எட் புரூபேக்கர், அந்தப் பெயரிலேயே வந்த படத்தில் ஒரு நிமிடத் தோற்றத்துக்காக நடிகர் சங்க விதிப்படி தனக்கு வந்த பணம், பாத்திரத்தை உருவாக்கியதற்கு வந்ததைவிட அதிகம் என்றார்.

புரூபேக்கர் சொன்னதை ஒரு கணம் நின்று யோசியுங்கள். நடிகர்களுக்குச் சங்கம் இருக்கிறது, திரைக்கதை எழுதுபவர்களுக்குச் சங்கம் இருக்கிறது. அந்தக் கதை எங்கிருந்து வந்ததோ அந்தக் காமிக்ஸ் படைப்பாளிகளுக்கு மட்டும் இல்லை. 1978-இல் புதிய சட்டத்தைக் காட்டி மார்வெல் ஒரு பக்க ஒப்பந்தத்தைச் சுற்றுக்கு விட்டபோது நீல் ஆடம்ஸ் ஒரு சங்கம் அமைக்க முயன்றார். அது நிலைக்கவில்லை. தனித்தனி வீட்டில் உட்கார்ந்து வரைபவர்கள், இந்த வேலையை நான் மறுத்தால் நாளையே வேறொருவர் ஏற்பார் என்று அஞ்சுபவர்கள், சிறுவயதுக் கனவு கைகூடியதே போதும் என்று மகிழ்பவர்கள். இவர்களை ஒன்று சேர்ப்பது எளிதல்ல. இமேஜ் என்ற காமிக்ஸ் பதிப்பகத்தின் அலுவலக ஊழியர்கள் 2022-இல் சங்கம் அமைத்து வென்றார்கள் என்றாலும், எழுதி வரைபவர்கள் அதில் அடங்கமாட்டார்கள். முதுமையிலும் நோயிலும் இவர்களுக்குக் கைகொடுப்பது ஹீரோ இனிஷியேட்டிவ் என்ற அறக்கட்டளை. 2000-இல் தொடங்கியது. வாடகை, மருந்து, அறுவைச் சிகிச்சை என்று உதவுகிறது. ராக்கெட் ராக்கூனை உருவாக்கியவர்களில் ஒருவரான பில் மாண்ட்லோ 1992-இல் கார் மோதி மூளையில் நிரந்தரக் காயம் அடைந்தார். பிறகு பல ஆண்டுகள் அவருடைய சகோதரர்தான் நன்கொடை திரட்டிப் பார்த்துக்கொண்டார். 2014-இல் அந்தப் பாத்திரம் திரைக்கு வந்தபோது, மாண்ட்லோ இருந்த மருத்துவ இல்லத்துக்கே மார்வெல் படத்தைக் கொண்டுபோய்த் தனிக்காட்சி நடத்தியது. அது அன்பான செயல்தான், மறுக்கவில்லை. ஒப்பந்தத்தில் பங்கு இருந்திருந்தால் இருபது ஆண்டு நன்கொடை திரட்ட வேண்டியிருக்காதே என்றுதான் மனம் அடித்துக்கொள்கிறது.

மாற்று வழி இல்லாமல் இல்லை. 1992-இல் டாட் மெக்ஃபார்லேன், ஜிம் லீ, ராப் லீஃபெல்ட் முதலிய ஏழு ஓவியர்கள் மார்வெல்லை விட்டு வெளியேறி இமேஜ் காமிக்ஸைத் தொடங்கினார்கள். அங்கே பாத்திரமும் கதையும் படைப்பவருக்கே சொந்தம். பதிப்பகம் ஒரு நிலையான கட்டணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். ராபர்ட் கிர்க்மன் அப்படி 2003-இல் தொடங்கிய ‘தி வாக்கிங் டெட்’ தொலைக்காட்சித் தொடராகிப் பெருஞ்செல்வம் தந்தது. அதன் மறுபக்கமும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அங்கே பக்கக் கூலி கிடையாது. முதல் இதழ் விற்றுப் பணம் வரும் வரை பல மாதங்கள் கைக்காசில் வாழ வேண்டும். படைப்பவர் கையில் உரிமை வந்துவிட்டால் சச்சரவு தீர்ந்துவிடும் என்பதும் உண்மையல்ல. தன் இதழுக்குக் கதை எழுதிக்கொடுத்த எழுத்தாளர் நீல் கெய்மன் பாத்திரங்களில் பங்கு கேட்டபோது அதை மறுத்து நீதிமன்றத்தில் தோற்றவர், படைப்புரிமைக்காக மார்வெல்லை விட்டு வெளியேறிய அதே மெக்ஃபார்லேன்தான். அநீதிக்கு உள்ளானவர் என்பதற்காகவே ஒருவர் அடுத்தவருக்கு நியாயம் செய்துவிடுவார் என்று எதிர்பார்க்க முடியாது. கூட்டாளியோடும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும்.

எனவே அனுபவம் உள்ளவர்கள் இன்று ஒரு நடுவழியைப் பின்பற்றுகிறார்கள். பேட்மேன், ஸ்பைடர்மேன் போன்ற பெரிய பாத்திரங்களுக்குச் சில ஆண்டுகள் எழுதி அல்லது வரைந்து வாசகரிடையே பெயர் சம்பாதிக்கிறார்கள். அந்தப் பெயரைக் கொண்டு சொந்தக் கதையை வேறிடத்தில் வெளியிடுகிறார்கள். எழுத்தாளர் ஜேம்ஸ் டைனியன் 2021-இல் பேட்மேன் இதழை விட்டுச் சொந்தப் படைப்புகளுக்குப் போனது இப்படித்தான். இதனால் நிறுவனத்துக்கு ஏற்படும் இழப்பு பெரிது. உண்மையிலேயே புதிதான பாத்திரம் ஒன்று மனதில் தோன்றினால், அதை மார்வெல்லுக்கோ டிசிக்கோ கொடுக்க விவரம் தெரிந்த எவரும் இன்று முன்வருவதில்லை. மீண்டும் மீண்டும் 1938-லும் 1962-லும் பிறந்தவர்களே வேறு வேறு உடைகளில் வருவதற்கு வாசகரின் பழைய நினைவுப் பற்று ஒரு காரணம் என்றால், படைப்பவர்களின் இந்த எச்சரிக்கை இன்னொரு காரணம். அந்தப் பழைய மூலதனமும் என்றென்றைக்கும் அல்ல. அமெரிக்கச் சட்டப்படி சூப்பர்மேனின் முதல் கதை 2034-இலும், பேட்மேனின் முதல் கதை 2035-இலும் யாரும் பயன்படுத்தக்கூடிய பொதுச்சொத்து ஆகின்றன.

இப்போது உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதி. தேடுங்கள். இந்தியாவிலிருந்து வேலை செய்வது புதிதும் அல்ல. 2004-இல் மார்வெல்லின் அனுமதியோடு இங்கே உருவான இந்திய ஸ்பைடர்மேனை ஜீவன் காங் வரைந்தார். அந்தப் பவித்ர் பிரபாகர் 2023-இல் உலகத் திரையில் வலம் வந்தான். செயற்கை நுண்ணறிவு இயந்திரம் வரையும் காலம் வந்துவிட்டதே என்று தயங்கவும் வேண்டாம். அதைக் கொண்டு கதையோ ஓவியமோ செய்யமாட்டோம் என்று இப்போது டிசியின் தலைமையில் இருக்கும் ஜிம் லீ 2025-இல் பகிரங்கமாக அறிவித்திருக்கிறார். ஒரு ஓவியரே அந்த நாற்காலியில் இருப்பதால் அந்தச் சொல்லுக்கு மதிப்புத் தருகிறேன்.

ஆனால் வாய்ப்பு வரும்போது மகிழ்ச்சியில் உடனே கையெழுத்திடாதீர்கள். பக்கத்துக்கு எவ்வளவு என்பது முதல் கேள்வி மட்டுமே. படமாகவோ விளையாட்டாகவோ போனால் என்ன பங்கு, மறுஅச்சுக்கு என்ன, பெயர் எங்கே எப்படி இடம்பெறும் என்று எழுத்தில் கேளுங்கள். உரிமை எப்போது உங்களிடம் திரும்பும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் அதை இருமுறை படியுங்கள். எழுத்தாளர் ஆலன் மூரும் ஓவியர் டேவ் கிப்பன்ஸும் 1986-இல் டிசி வழியாக ‘வாட்ச்மென்’ வெளியிட்டபோது, புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை திரும்பிவிடும் என்று ஒப்பந்தம் சொன்னது. அதுவரை வந்த காமிக்ஸ் எல்லாம் ஓரிரு ஆண்டுகளில் அச்சிலிருந்து போனவை என்பதால் அது நல்ல ஒப்பந்தமாகவே தெரிந்தது. ‘வாட்ச்மென்’ இன்றுவரை ஒரு நாளும் அச்சில் இல்லாமல் போகவில்லை. காகிதத்தில் வரைபவராக இருந்தால், வேலை முடிந்தபின் மூல அட்டைகள் எத்தனை நாளில் உங்கள் கைக்கு வரும், அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.